வண்டியிலேயே இருந்தவன்

ஊரில் சட்டம் படித்துவிட்டு, வளைகுடாவுக்கு வந்து, அல் கூஸில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீஸில் படிவம் அச்சடித்துக் கொடுத்தவன் நான். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் டிரைவர் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: நேரம், கிலோமீட்டர், வண்டியில் ஜாக், வீல் ஸ்பானர் இருந்தால் டிக். அந்தத் தாளை யாரும் படித்ததில்லை, நான் உட்பட.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் எங்கள் பிக்கப் டிரைவர், பரமக்குடிப் பக்கத்துக்காரன், அறையில் கூட இருந்த இரண்டு பேரோடு ஒரு கிடங்கில் செம்புக் கேபிள் திருடப் போனான். அவன் வண்டியிலேயே இருந்தான். உள்ளே வாட்ச்மேன் குறுக்கே வந்தார். இருவரில் ஒருவன் ஸ்பானரால் அடித்தான். அவர் இறந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மூவரும் பிடிபட்டார்கள்.

திருடப் போகும்போதும் டிரைவர் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தான். போலீஸ் அதை எடுத்துக்கொண்டது. ஸ்பானருக்கு டிக் போட்டிருக்கிறான், வண்டியில் இரும்பு இருப்பது தெரிந்தே வந்தவன், அதனால் கொலையிலும் பங்காளி என்றார்கள்.

சில நாடுகளில் இந்த விவாதமே கிடையாது. கொள்ளையில் ஒரு உயிர் போனால் கொள்ளைக்கு வந்த அத்தனை பேரும் கொலைகாரர்கள். கல்லூரியில் அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இங்கே டிரைவருக்காக வாதாடிய வக்கீல் சொன்ன கேள்வி வேறு: இப்படி ஒரு சாவு நேரும் என்று இவன் எதிர்பார்த்திருக்க முடியுமா?

சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் ஃபோனில் கேட்டான்.

"சார், நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லையே?"

"திருடப் போறதுக்கும் எவனாவது தாள் நிரப்புவானாடா?"

"நிரப்பாம வண்டி எடுத்தா நீங்க மெமோ குடுப்பீங்களே சார்."

எட்டு மாதத் தாள்களையும் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஸ்பானருக்கு டிக். சிமென்ட் ஏற்றப் போன நாளிலும், அஜ்மானுக்கு ஆள் கூட்டிவரப் போன நாளிலும். கொல்வதற்கென்று கொண்டுபோனதல்ல என்பதற்கு அது போதும். தாள்களைக் கோர்ட்டில் கொடுக்கக் கையெழுத்துக் கேட்டபோது மேனேஜர், "கம்பெனி பேர் மாஃபி", கம்பெனி பெயர் வரவே கூடாது என்றார். கம்பெனி பெயர் போலீஸ் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அடித்தவனுக்குக் கொலைக் குற்றம். டிரைவருக்குத் திருட்டு மட்டும், மூன்று வருடம், பிறகு நாடு கடத்தல். சொல்லப் போனேன்.

"அப்ப நான் கொல்லலைல்ல சார்?"

"கோர்ட் அப்படித்தான் சொல்லுது."

"அடிச்சவன் பூட்டு ஒடைக்கணும்னு கேட்டான். ஸ்பானர நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன்."

அதுவும் வாக்குமூலத்தில் இருந்தது, நீதிபதி படித்துத்தான் தீர்ப்புச் சொன்னார் என்றேன். அவன் கேட்டது அதையல்ல. அப்பீலுக்கு எத்தனை நாள் அவகாசம், பாஸ்போர்ட் எங்கே இருக்கும், டிக்கெட் யார் போடுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" என்றான்.

அவனுக்குப் பின்னால் ஃபோனுக்குக் காத்து நின்ற கைதி, "யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினான். டிரைவர் ஃபோனை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.