‘முதலானோர்’ என்பதில் என் மகள்

கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சிப் பக்கத்துச் சோலைக்காடுகளில் பாறைமேல் படரும் பாசிகளைத்தான் என் மகள் ஆராய்ந்தாள். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வெள்ளனே கிளம்பிவிடுவாள். இருட்டுவதற்குள் திரும்புவாளா என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் எனக்கு அதே நினைப்புதான்.

அவளுடைய பேராசிரியர் மதுரைக்காரர். கோடையில் கொடைக்கானல் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கட்டுரை தயாரானபோது அவள் தன் பெயரை முதலில் எழுதியிருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "டீச்சர், கல்யாணப் பத்திரிகையில பெரியவங்க பேரு முன்னாடி வர்றதில்லையா? இதுவும் அப்படித்தாங்க. அடுத்த கட்டுரையில பாப்பா பேரு முன்னாடி." எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அச்சில் வந்தபோது நடுவில் அவருடைய நண்பர் ஒருவரின் பெயரும் இருந்தது. அந்த மனிதர் இந்த மலையை ஏறிப் பார்த்ததே இல்லை. பதிலுக்கு அந்த நண்பரின் கட்டுரைகளில் பேராசிரியர் பெயர் வருமாம்.

வெளிநாட்டார் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துக்காட்டத் தொடங்கினார்கள். முதலில் உள்ள பேராசிரியர் பெயரை மட்டும் போட்டு, மற்றவர்களை ‘முதலானோர்’ என்று முடித்துவிடுவார்கள். "அந்த முதலானோர் நான்தாம்மா" என்று மகள் சிரிப்பாள்.

பிறகு கல்லூரி வேலைக்கு மதுரையில் நேர்காணல். தேர்வுக் குழுவில் பேராசிரியரும் இருந்ததால் தைரியமாகப் போனோம். நான் வராந்தாவில் காத்திருந்தேன். திரும்பும் பஸ் மலையேறும்போது மகள் சொன்னாள்.

"உன் ஆராய்ச்சியை யாரெல்லாம் எடுத்துக்காட்டியிருக்காங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். அதெல்லாம் சார் பேர்லதான இருக்குன்னாங்க."

"சார் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரும்மா. பாப்பா நல்லா ஒத்தாசை பண்ணுச்சுன்னார்."

வேலை வேறொருவருக்குப் போனது.

அடுத்த கோடையில் அவர் புதிய மாணவர் ஒருவரோடு, எதுவுமே நடக்காததுபோல் எங்கள் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பாப்பாவை வரச் சொல்லுங்க. பாப்பா பாசி எடுத்த அந்தப் பாறை இருக்கிற எடத்த இவருக்குக் காட்டணும். வெரசா போனா வெரசா வந்துரலாம்."

வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேனோ என்று பயந்து உள்ளே பார்த்தேன். மகள் வந்து நின்றாள்.

"சார், நான் ஒத்தாசைக்கு வந்தவதான. வழியெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் மாணவரைப் பார்த்தார். பேராசிரியருக்கே வழி தெரியாது. மகள் காப்பி போட உள்ளே போனாள்.