கொட்டாஞ்சேனை வீட்டின் வாசல்நிலை

அம்மா காலமான பிறகு கொழும்பு கொட்டாஞ்சேனை வீடு ஏழு வருடம் பூட்டிக் கிடந்தது. அதற்குள் தெரு எங்களுக்குச் சொல்லாமலே மாறிவிட்டது. எதிரே பலகை விற்ற மரக்காலையில் இப்போது பத்து மாடி. மூலைச் சாப்பாட்டுக்கடை கண்ணாடிக் கதவு போட்ட கோப்பிக் கடையாகிவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் அக்கா படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மேல மேல எழுப்பிறாங்கள், நாங்கள் மட்டும் ஏன்டா வௌவாலுக்கு விட்டு வைச்சிருக்கிறம்?" என்று கேட்டாள். வீடு அவளுடைய சீதனம். ஆகவே இடித்து மாடி எழுப்பும் முடிவு அவளுடையது. வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறி வந்து புழுதி தின்கிற வேலை என்னுடையது.

அந்த ஏழு வருடமும் பூட்டின் திறப்பு பக்கத்து வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் தாத்தா என்போம். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அவருடைய கணவர் அண்ணன் முறையில் எங்களுக்கு நானா. குழாய் வெடித்தபோது தண்ணீரை நிறுத்தியது அவர்கள். மதில் பாய்ந்தவர்களைச் சத்தம் போட்டு விரட்டியதும் அவர்கள். நானாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். அவருடைய கட்டில் எங்கள் பக்கத்து ஜன்னலோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த அறைக்கு வேறு ஜன்னல் இல்லை. வெளிச்சம், காற்று, வானம் எல்லாம் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே கிடந்த நாலடி ஒழுங்கையால்தான் அவருக்கு வந்தன. ஒழுங்கை எங்கள் காணி.

கோதாரி பிடிச்ச பிழை வாசல்நிலையில் தொடங்கியது. எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் முதலில் நிலை. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, ஐயர் மந்திரம் சொல்ல நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு அசைக்கக் கூடாது. மார்கழி பிறக்க நாலு நாள் இருந்தது. மாடிப்படி எங்கே வரும் என்று பிளான் கீறுகிறவருக்கே இன்னும் தெரியாது. "அதைப் பிறகு பாக்கலாம், நீ நிலையை வை" என்றாள் அக்கா. கொத்துவேலைக்குப் பொறுப்பான மேசன் பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, பிளான் வரட்டுமே மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னார். படித்த மனிதன் நான், அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அக்கா வீடியோவில் காட்டிய இடத்தில் நிறுத்தினோம்.

தை மாதம் பிளான் வந்தது. படி சரியாக வாசலுக்குப் பின்னால் இறங்கியது. கதவைத் திறந்தால் முதல் படியில் முட்டும். நிலையை மூன்றடி தள்ளினால் எல்லாம் சரி, அரை நாள் வேலை, இல்லையென்றால் படியை ஒழுங்கைக்குள் இறக்க வேண்டும் என்றார் பாஸ். அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"உனக்கென்ன விசரே? வைச்ச நிலையைக் கிளப்பிறதோ? இஞ்ச பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்."

"அக்கா, படியை ஒழுங்கைக்குள்ள கொண்டுபோனால் நானாவின்ர ஜன்னல் மூடுப்படும்."

"எங்கட காணிக்குள்ளதானே கட்டுறம்? அந்தாளுக்கு ஒரு ஃபான் வாங்கிக் குடு."

மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை அவள் அழுதாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா சொன்னதல்ல. அவளுக்குத் தெரியாமல் மாற்றுவோம் என்று பாஸ் கூடச் சொன்னார். உண்மையைச் சொன்னால், எனக்கும் கை வரவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் என்ன செய்வேன்? பயந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தாத்தாவிடம் சொல்லப் போனபோது பிளானையும் கொண்டுபோனேன், பேப்பரைக் காட்டினால் குற்றம் குறையும் என்பது போல. அவர் அதை விரிக்கவே இல்லை.

"ஒங்கட ஊடு, ஒங்கட காணி. கட்டுங்க தம்பி. அல்லாஹ் லேசாக்கி வைப்பான்."

"தாத்தா, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்..."

"தெரியும். நானாக்கிட்ட நான் இன்னும் சொல்லல்ல. சொன்னா அவர் என்ன செய்யப் போறார், எழும்பி வரவா?"

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒழுங்கையில் சுவர் எழும்பிய நாள் நான் பக்கத்திலேயே நின்றேன். மெதுவாகக் கட்டச் சொன்னேன். மெதுவாகக் கட்டினாலும் சுவர் சுவர்தானே மாத்தயா என்று பாஸ் சிரித்தார். காலை பத்தரை மணி, நல்ல வெயில். கல்வரிசை ஜன்னலின் அடிக்கட்டையைத் தாண்டியது. பிறகு பாதி ஜன்னலுக்கு வந்தது. அந்த அறைக்குள் இருட்டு ஏறுவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. மேல் இடைவெளியால் தாத்தாவின் முகம் மட்டும் தெரிந்தது. அப்போது உள்ளே இருந்து நானாவின் குழறிய குரல் கேட்டது.

"மழ வரப் போவுது போல, இருட்டிக்கிட்டு வருது. வெளிய சீமெந்து கிடக்கும். தம்பிக்கிட்ட சொல்லுங்க, நனைய முந்தி மூடச் சொல்லி."

தாத்தா என்னைப் பார்த்தார்.

"ஓம் நானா, மூடிட்டன்" என்று நான் வெயிலில் நின்று கத்தினேன்.