தவிட்டெண்ணெய் தடவிய ஃபில்டர்

நெல் லாரியின் காற்று ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திராதவர்கள் இதைச் சாப்பிட்ட கையோடு படிக்க வேண்டாம். சாப்பிடப் போகிறவர்களும் வேண்டாம். நடுவில் எப்போதாவது வயிறு ஒன்றும் சொல்லாமல் இருக்கும் நேரம் பார்த்துப் படிக்கலாம்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னோடு ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று போனார்கள். நான் ஒரு பழைய லாரி வாங்கினேன். ஏன் வாங்கினீர்கள் என்று மனைவி இன்றுவரை கேட்கிறாள். காரணம் தெரிந்தால் நானும் சொல்லிவிடுவேன். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக் கிடங்கில் கொண்டுபோய் இறக்குவதுதான் அதற்கு வேலை. ஓட்டுபவன் ஒரத்தநாட்டுக்காரன், என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். அரையாண்டுத் தேர்வில் அறிவியலுக்கு நான் அவனுக்குப் போட்டது முப்பத்திரண்டு. மூன்று மதிப்பெண்ணில் ஃபெயில். சாவி வாங்க வந்த அன்று வாசலில் நின்று, "முப்பத்திரண்டு வந்துருக்கேன் சார்" என்றான். இருபத்தைந்து வருடம் கழித்தும் கணக்கு மறக்கவில்லை.

அதுவரை நாக்பூர், இந்தூர் என்று வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. உள்ளூரிலேயே ஓட்டலாம், பெரும்பாலான நாள் வீட்டுச் சோறு சாப்பிடலாம் என்று நான் சொன்னதை நம்பித்தான் அந்த வேலையை விட்டு வந்தான். என் லாரி படுத்துவிட்டால் அவன் மறுபடி நாக்பூர் போக வேண்டியதுதான்.

லாரி படுப்பதற்கு வாய்ப்பும் நிறைய இருந்தது. வாங்கிய இரண்டாம் மாதமே இன்ஜினைப் பிரித்தாயிற்று. பட்டுக்கோட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து பாய்தான் பிரித்தார். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் ஆட்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். விரல் முழுக்க மணல்.

"பழைய ஓனரு ஃபில்டர் இல்லாமலே ஓட்டிருக்காரு சார். இப்ப நான் சரி பண்ணித் தந்துடுவேன். இன்னொரு தடவ இந்தக் குழாய்ல தூசி இருந்துச்சுன்னா என்கிட்ட வராதீங்க. நேரா பழைய இரும்புக் கடைக்குப் போயிருங்க."

நான் தலையாட்டினேன். வகுப்பில் என் மாணவர்கள் ஆட்டுவார்களே, அதே மாதிரி.

ஃபில்டர் என்பது இந்த வண்டியில் இரண்டு உருளை. வெளியே குடம் அளவுக்கு ஒன்று, அதற்குள்ளே ஒல்லியாக இன்னொன்று, இரண்டுமே மடிப்பு மடிப்பான காகிதம். டீசல் இன்ஜின் மூச்சு விடுகிற காற்றெல்லாம் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று தை மாதத்தில் வந்து பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் அறுவடை இயந்திரம், இன்னொரு பக்கம் தார்ச்சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டுத் தூற்றுவார்கள். பதர், மேலே பட்டால் அரிக்கிற நெல் சுணை, வைக்கோல் தூள் எல்லாம் சேர்ந்து வண்டிக்கு மூக்கடைத்துவிடும். வாரம் ஒரு முறை வெளிக் காகிதத்தைக் கழற்றி, பங்சர் கடையில் காற்றுப் பிடிக்கிற குழாயால் உள்ளிருந்து ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். நாலைந்து ஊதலுக்குப் பிறகு தூக்கிப் போட்டுப் புதிது மாட்ட வேண்டும்.

ஒருநாள் ஊதும்போது நான் எதிர்க்காற்றில் நின்றுவிட்டேன். வாய் வேறு திறந்திருந்தது, ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். பல்லிடுக்கில் சுணை, கண்ணில் சுணை, சட்டைக்குள் சுணை. அன்று இரவு வைக்கோல் போரில் புரண்டவனைப் போல உடம்பெல்லாம் அரித்தது. இனிமேல் காகிதமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். சிவப்புப் பருத்தித் துணியில் ஃபில்டர். எண்ணெய் தடவி மாட்ட வேண்டும், அழுக்கானால் கழுவிக் காயவைத்து மறுபடி எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். ஆயுளுக்கு ஒன்று போதும். வீடியோவில் கழுவியவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கடைசிவரை சட்டை வெள்ளையாகவே இருந்தது. நான் விழுந்தது அங்கேதான்.

டிரைவரிடம் சொன்னேன்.

"வேணாம் சார். காயிதம்னா அழுக்கோட சேத்துக் கடாசிட்டுப் போயிடலாம். இத திரும்பத் திரும்பக் கழுவணும்."

"கழுவுனா என்னடா? சட்டைய துவைச்சுத்தானே போடுற?"

"சட்டை மூச்சு விடாது சார்."

"காத்து எண்ணெய் வழியா போறப்ப தூசி ஒட்டிக்கும். இது அறிவியல். நீ எடுத்தது முப்பத்திரண்டு."

"சரி சார். நீங்களே பாஸ்."

சிவப்பு ஃபில்டர் வந்தது. அழகாகத்தான் இருந்தது. உள்ளே இருக்கிற ஒல்லிக் காகிதமும் இனி தண்டம், அதையும் கழற்றிப் போட்டுவிடு, வண்டி தாராளமாக மூச்சு விடட்டும் என்று டிரைவருக்கு உத்தரவு போட்டேன். அவன் ஒரு முறை என்னைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைப் பார்த்தான். "சரி சார்" என்றான்.

முதல் கழுவலை நானே செய்தேன். கொல்லையில், அரிசி ஊறவைக்கும் அலுமினிய அண்டாவில். ஊறவைத்த பத்தாவது நிமிடம் தண்ணீர் கறுத்தது. பிறகு கெட்டியானது. மேலே பதர் ஏடு கட்டியது. அதில் இரண்டு கரப்பான் பூச்சி, பாதி வெட்டுக்கிளி, எந்தப் பிராணியுடையது என்று நான் தெரிந்துகொள்ள விரும்பாத ஒரு கால். துணியின் மடிப்புக்குள் விரலை விட்டால் கொழகொழவென்று ஏதோ விரலைத் திரும்பப் பிடித்தது. நாலு தண்ணீர் மாற்றினேன். நாலாவது தண்ணீரும் சாக்கடைக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்திருக்கும்.

மனைவி கொல்லைக்கு வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, அது அரிசி அண்டா."

"கழுவி வச்சுடறேன்."

"அதக் கழுவ வேணாம். இனிமே அது உங்களுக்கே."

மாடியில் அவள் காயப்போட்டிருந்த வடகத்துக்குப் பக்கத்திலேயே ஃபில்டரையும் காயவைத்தேன். காற்றடித்து மிச்சப் பதர் வடகத்தின் மேல் படிந்தது. அந்த வருடம் வடகம் பொரிக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் தனித்தட்டில் வந்தது.

ஃபில்டரோடு வந்த எண்ணெய் பாட்டில் இரண்டாவது கழுவலோடு தீர்ந்தது. மறுபடி வரவழைக்க ஒரு வாரம் ஆகும். மூன்றாவது கழுவல் முடிந்து வண்டி அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில், அடுப்பங்கரையில் ஐந்து லிட்டர் தவிட்டெண்ணெய் கேன் நின்றது. என் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லி வாங்கியது. நெல் தூசியைப் பிடிக்க நெல்லிலிருந்தே எடுத்த எண்ணெய். இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் எதுவும் அமையாது என்று தோன்றியது. இரண்டு கரண்டி தாராளமாகத் தடவினேன். மூக்கில் வைத்து முகர்ந்தபோது பசிக்கக்கூடச் செய்தது. எனக்கே பசித்தால் மற்றவர்களுக்கும் பசிக்கும் என்பது என் அறிவியலுக்கு எட்டவில்லை.

அந்த நடையில் கிடங்கு வாசலில் லாரி வரிசை நீண்டுவிட்டது. மூன்று நாள் நெல் மூட்டையோடு வண்டி அசையாமல் நின்றது. மாசியில் பெய்யக்கூடாத மழை ஒரு நாள் பெய்தது. நாலாவது நாள் காலையில் டிரைவர் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"சார், நெல்ல இறக்கிட்டேன். வண்டி இழுக்க மாட்டேங்குது. கரும்புகை தள்ளுது. அப்பறம் சார், ஒரு நாத்தம் வருது."

"என்ன நாத்தம்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது சார். பாய் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போறேன். நீங்க வந்து மோந்துக்குங்க."

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாய் ஃபில்டர் பெட்டியின் முன்னால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவரும் கட்டியிருந்தான். எனக்குக் கொடுக்க மூன்றாவது துண்டு இல்லை. மூடியைத் திறந்தார்கள்.

பழைய பலகாரச் சட்டியை மழையில் ஒரு மாதம் போட்டுவைத்து, அதற்குள் ஒரு எலி குடும்பம் நடத்தினால் வருகிற வாசனை அது. அதில் பாதி உவமை இல்லை, உண்மை. சிக்கெடுத்த எண்ணெயும் நெல் தூசியும் ஈரமும் சேர்ந்து பிண்ணாக்கு மாதிரி ஃபில்டரை அப்பியிருந்தது. அந்தப் பிண்ணாக்கில் நெல் முளைவிட்டிருந்தது. எட்டுப் பத்து வெள்ளை முளை, வெளிச்சத்தைத் தேடி வளைந்துகொண்டு. கீழே வைக்கோலும் சிவப்பு நூலுமாக ஒரு கூடு. கூட்டுக்குள் கண் திறக்காத ஐந்து எலிக்குஞ்சு, இளஞ்சிவப்பாக, நெளிந்துகொண்டு. அதன் பக்கத்தில் எலி விட்டுப்போன மற்றவை. அதை நான் எழுதப் போவதில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி பட்டறை வாசலிலேயே என்னிடமிருந்து விடைபெற்றது.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். பாய் சிவப்பு ஃபில்டரை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினார். கூட்டுக்கு நூல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் துணியில் ஓட்டை.

"என்னா எண்ணெய் போட்டீங்க சார்?"

"தவிட்டெண்ணெய்."

பாய் துண்டை மூக்கிலிருந்து கீழே இறக்கினார். "இந்த ஃபில்டர் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில ஓடுற வண்டிக்கு, அதோட எண்ணெயப் போட்டு ஒழுங்கா வச்சுக்கிட்டா, வருசக் கணக்கா வரும். நெல் வண்டிக்கு, அதுவும் சமையல் பண்ணிப் போட்டா, எலி விருந்துக்கு வராம என்ன செய்யும்?"

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஓட்டையை மட்டும் பார்த்தேன். அந்த ஓட்டை வழியாகக் கிடங்குத் தூசி முழுவதும் உள்ளே போயிருக்கும். உள் காகிதத்தையும் கழற்றிப் போடச் சொன்னவன் நான். இனி குழாய், அதன் பிறகு இன்ஜின், அதன் பிறகு பழைய இரும்புக் கடை. டிரைவர் மூக்கில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். நாக்பூர் வண்டிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

பாய் டார்ச்சைப் பெட்டிக்குள் அடித்தார். "உள்ள ஒண்ணு இருக்கே" என்றார்.

எட்டிப் பார்த்தேன். ஒல்லிக் காகித உருளை இருந்த இடத்திலேயே இருந்தது. வெளிப்புறம் மண்ணாங்கட்டி நிறம்.

"இதக் கழட்டச் சொன்னேனேடா."

"சொன்னீங்க சார். கழட்டினேன். கையில வச்சுப் பாத்தேன். தூசிக்கும் நம்ம சோத்துக்கும் நடுவுல இருக்கறது இது ஒண்ணுதான்னு தோணுச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன். சொன்னா நீங்க பாடம் நடத்துவீங்க."

பாய் அதையும் கழற்றினார். ஆட்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை வெளியே எடுத்துத் தான் முதலில் பார்த்தார். பிறகு டிரைவருக்குக் காட்டினார். கடைசியாகத்தான் எனக்கு.

சுத்தமாக இருந்தது. என் கையைவிடச் சுத்தமாக.

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. மூச்சடைச்சதுல பொகஞ்சிருக்கு, அவ்ளோதான். ரெண்டும் புதுசு போட்டா ஓடும். காயிதம்" என்றார் பாய், என்னைப் பார்த்து. "ஆனா இந்தப் பெட்டிய என் ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க. யாரு சமைச்சாங்களோ அவங்க பாத்திரம் தேய்க்கணும்."

எலிக்குஞ்சுகளைத் தகரத்தில் ஏந்திக் கொண்டுபோய் வாய்க்கால் மேட்டுப் புதரில் விட்டது டிரைவர். மற்றதெல்லாம் நான். பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, கரண்டியால் சுரண்டி, சவுக்காரம் போட்டு, துணியால் துடைத்து, வெளியே வந்து குமட்டி, மறுபடி உள்ளே கையை விட்டு, மத்தியானம் ஆகிவிட்டது. பதினோரு தடவை குமட்டினேன் என்று டிரைவர் எண்ணியிருந்தான். அவனுக்கு எண்கள் எப்போதுமே நினைவிருக்கும்.

புதுக் காகிதங்களை மாட்டி, வண்டியைக் கிளப்பி, புகை வெளுத்ததைப் பார்த்துவிட்டு அவன் கதவருகே வந்து நின்றான்.

"சார், ஒரு மூணு மார்க்கு மட்டும் சேத்துப் போட முடியுமா?"

கதவில் நெல் தூசி கனமாகப் படிந்திருந்தது. சிக்கு விரலாலேயே அதில் முப்பத்தைந்து என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"பாஸ் மட்டுந்தானா? சரி, பரவால்ல சார்" என்று ஏறி உட்கார்ந்தான். "வாங்க, வீட்டுல மீன் கொழம்பு. ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போலாம்."

மீன் என்ற சொல்லைக் கேட்டதும் பன்னிரண்டாவது தடவை குமட்டியது. அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனான். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நிறுத்தத்துக்குள் எழுந்து நின்றுகொண்டார்.

எலுமிச்சம்பழம், சீயக்காய், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் வலது கையின் நாற்றம் போகவில்லை. தயிர்சாதத்தைப் பிசையக் கொண்டுபோன கை வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. மனைவி பார்த்தாள். உள்ளே போய் ஒரு ஸ்பூன் எடுத்துவந்து தட்டின் ஓரத்தில் வைத்தாள். தவிட்டெண்ணெய் கேனை எடுத்துப் பரணில் ஏற்றினாள், எனக்கு எட்டாத உயரத்தில்.