திங்கட்கிழமை ஃபோன்

எங்கள் ஊரான ஹார்ஸ்மில்லில் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தார்கள் என்பது வியாழக்கிழமை ஊர்ப் பேப்பரில் வந்துவிடும். எழுதியவர் என் பக்கத்து வீட்டு ஆர்வில்லா டீட்யென். இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பவர்கள் நெப்ராஸ்காவில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும்.

திங்கட்கிழமை காலையில் காபியோடு சமையலறை ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஊரே அவரைக் கூப்பிடும். பண்ணைக்கார ஷ்ரோடர் ஒருமுறை, "மச்சான் வந்திருந்தான். கோழியில பாதிய அவனே தின்னுட்டான், அதையும் சேத்துப் போடுங்க" என்றாராம். என்ன சாப்பிட்டார்கள் என்று போடலாம், எவ்வளவு என்று போடக்கூடாது என்பது ஆர்வில்லாவின் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. எழுதுகிறவர் தன் வீட்டுச் செய்தியைப் போடக்கூடாது. அதனால், அவர் கணவர் இறந்தபிறகு அந்த வீட்டுப் படி ஏற ஆளில்லை என்பது ஊருக்குத் தெரியவே இல்லை. டென்வரில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு சரி.

பேப்பரைத் தொடங்கியது லுன்ட்கிரென் குடும்பம். பேரன் காலத்தில் ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி ஆபீஸைப் பூட்டி, அச்சடிப்பதைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனது. பிறகு அந்தக் கம்பெனியையே ஏதோ ஒரு முதலீட்டு நிறுவனம் விழுங்கியது. அதன் முதலாளிகளுக்கு ஹார்ஸ்மில் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது. அவர்கள்தான் ஆர்வில்லாவின் பகுதியை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் இப்போது எங்கோ இருக்கும் நடிகைகளின் விவாகரத்து வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகுதி நின்றதும் ஃபோனும் நின்றது. பேப்பரில் வராத விருந்தாளியைப் பற்றி யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்? ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நான் போயிருந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஆர்வில்லா இரண்டாவது மணி அடிக்க விடாமல் எடுத்துவிட்டார். குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

பேப்பர் கம்பெனியிலிருந்து ஒரு பெண். அவள் குரல் எனக்கும் கேட்டது. "மேடம், உங்க சந்தா இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிச்சிடலாமா?"

ஆர்வில்லா ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, அந்தப் பெண் எந்த ஊரிலிருந்து பேசுகிறாள் என்று விசாரித்தார். அவள் ஏதோ தெற்குப் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொன்னாள்.

"நேத்து ஞாயித்துக்கிழமையாச்சே. உன் வீட்டுக்கு யாரு வந்திருந்தாங்க, கண்ணு?"

"யாரும் வரல மேடம். நான் இங்க தனியாத்தான் இருக்கேன்" என்றாள்.

ஆர்வில்லா மேசையில் பென்சிலைத் தேடி எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை.

"என் வீட்டுக்கும் யாரும் வரல" என்றார்.

இத்தனை வருஷத்தில் தன் வீட்டுச் செய்தியை அவர் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. தொட்டிக்கு அடியில் நான் திருகுசாவியைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தேன்.