மசாஃபி மலையடியும் முருகேசன் அடுப்பும்

டிசம்பர் பிறந்தால் போதும், துபாயிலும் சார்ஜாவிலும் இருக்கிற நம் ஆட்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் பேத்தி கைப்பேசியில் ஒரு குழுவைக் காட்டினாள். குளிர்நாட்டுக்காரர்கள். மரத்தூளை அழுத்திக் குச்சி குச்சியாக்கி எரிக்கிற அடுப்பு வைத்திருக்கிறார்களாம். விசிறி ஏன் சத்தம் போடுகிறது, குழாயை எத்தனை அங்குலம் நீட்டலாம், சாம்பல் ஏன் கறுப்பாக வருகிறது என்று நாள் முழுக்க அதே பேச்சு. அவள் படித்துச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. என் மகனோடு வேலை பார்த்த முருகேசனும் இப்படித்தான் பேசினான். அவன் பேச்சைக் கேட்டு 1996 ஜனவரியில் நாங்கள் போய்வந்த பயணம் இது. இந்தக் குளிருக்குக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் சொல்ல, பேத்தி தட்டுகிறாள்.

அப்போது என் மகன் செல்வம் சார்ஜாவில் ஒரு தச்சுப் பட்டறையில் ஃபோர்மேன். ரோலா பக்கம் வீடு. மருமகள் ரேவதிக்குப் பெண்குழந்தை பிறந்து ஏழு மாதம். பார்த்துக்கொள்ள நான் செங்கோட்டையிலிருந்து விசிட் விசாவில் போயிருந்தேன். முருகேசன் அதே பட்டறையில் வெல்டர், சுரண்டைக்காரன். டியூட்டி முடிந்ததும் நாலு பேர் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். குளிர்காலம் வந்தால் அவர்களுக்கு அடுப்பைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"எக்ஸாஸ்ட் ஃபேனைத் தலைகீழாப் போட்டா காத்து உள்ள போகும்லா" என்பான் முருகேசன்.

"பேட்டரி தாங்குமால?" என்பான் என் மகன்.

"பழைய கார் பேட்டரி ஒண்ணு கெடக்கு. நாலு மணி நேரம் பேசாம ஓடும்."

இருபது லிட்டர் பெயிண்ட் டின். அடியில் ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டால் புகைபோக்கி. அடி ஓட்டையில் விசிறிக் காற்றுக்கு ஒரு குழாய், அது மட்டும் அவன் சேர்த்தது. செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் குடியிருந்த நான் இருபத்திரண்டு வருஷம் சோறாக்கிய அடுப்பு அது. அதைத் தானே கண்டுபிடித்தது மாதிரி எனக்கே விளக்கினான். நான் சாக்கைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். மரவாசம் இல்லை, பசைவாசம். பட்டறையில் அறுத்த பிளைவுட் தூள்.

"இது மரம் இல்லப்பா, கோந்து. கண்ணு எரியும். ரந்தா போட்டு மரம் இழைச்ச சுருளா அள்ளிட்டு வா" என்றேன்.

"எரியுதுல்லா பெரியம்மா, அது போதும்" என்றான். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் என் மகன்.

வியாழக்கிழமை அரைநாள் டியூட்டி. மதியம் 1.40க்குக் கிளம்பினோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன், மறுநாள் மதியம்வரை வாடகை 180 திர்ஹம், பெட்ரோலும் சேர்த்து. டிரைவர் பெஷாவர் பக்கத்து ஆள், கான் பாய் என்று கூப்பிடுவோம். சார்ஜாவிலிருந்து தைத் ஐம்பது கிலோமீட்டர். அதுவரை இரண்டு பக்கமும் சிவப்பு மணல், நடுவில் ஒட்டகம். தைத் தாண்டினால் கல்மலை தொடங்குகிறது. வழியில் சாலையோரச் சந்தை. கம்பளம், பழம், மண்பானை எல்லாம் உண்டு. பானைக்குப் பதினைந்து சொன்னான், ஏழுக்கு வாங்கினேன். தேநீர் ஐம்பது ஃபில்ஸ். அந்தத் தேநீர் மட்டும்தான் அன்றைக்கு நன்றாக இருந்தது.

மசாஃபிக்கு முன்னால் வலப்பக்கம் இறங்கும் ஒரு வறண்ட ஓடையில் 4.10க்குக் கூடாரம் அடித்தோம். வேன் மீட்டர்படி வீட்டிலிருந்து 84 கிலோமீட்டர். இடம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. மலை முழுக்கத் துருப்பிடித்த இரும்பு நிறம், அடியில் பேரீச்சந்தோப்பு. அடுப்பை வெளியே வைத்துக் கொளுத்தினார்கள். நான் சொன்னது மாதிரியே எல்லார் கண்ணிலும் தண்ணீர். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தரைக்குக் காற்றும் தூறலும் வந்தன. ரேவதியும் குழந்தையும் கூடாரத்துக்குள் படுத்தார்கள். முருகேசன் கைப்பிடியில் துணி சுற்றி அடுப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போனான்.

"அதை எங்க கொண்டுபோற?"

"பிள்ளைக்குக் குளிருதுல்லா பெரியம்மா. இப்பப் புகையே இல்ல, பாருங்க."

"புகை இல்லாததுதான் பயம். சுடர் அடங்கினா வெளிய எடுக்கணும், உள்ள வைக்கக்கூடாது."

என் மயினிக்கு, அண்ணன் பெண்டாட்டிக்கு, பிள்ளை பிறந்தபோது குளிருக்குக் கணப்புச் சட்டி வைத்து அறைக்கதவைச் சாத்தினார்கள். தாயும் பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மகன் குறுக்கே பேசினான்.

"அம்மா, ஊரு அடுப்பு வேற, இது வேற. ஃபேன் ஓடுது. நீங்க போயி வேன்ல இருங்க."

போனேன். கோபித்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தேன். அவர்கள்மேல் எவ்வளவு கோபமோ, அன்றைக்கு எழுந்து போனதற்காக என்மேலும் அவ்வளவு உண்டு. ஆண்கள் நாலு பேரும் தார்ப்பாயின் கீழ் கோழி சுட்டுக்கொண்டு, குழாயை ஆறங்குலம் நீட்டலாமா எட்டங்குலமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் ஜிப் முழுக்க இழுத்து மூடியிருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கான் பாய் திரும்பினார். "அம்மா, பச்சா கிதர்?" குழந்தை எங்கே என்கிறார்.

கூடாரத்தைக் காட்டினேன்.

"ஆக் பீ அந்தர்?" நெருப்பும் உள்ளேயா?

தலையாட்டினேன். அந்த மனிதர் கதவைச் சாத்தக்கூட இல்லை, ஓடினார். அவர் ஊரும் குளிர் ஊர், கரி மூட்டும் ஊர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நானும் ஓடினேன். ஜிப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் ஒரு பக்கத்து முளைகளைப் பிடுங்கித் துணியையே தூக்கிவிட்டார். விசிறி நின்றுபோயிருந்தது. ரேவதி எழுந்து உட்காரப் பார்த்துச் சாய்ந்தாள், வாந்தி எடுத்தாள். குழந்தையைத் தூக்கினேன். தலை என் கையில் நிற்கவில்லை.

மழையில் வைத்துப் பாதத்தைச் சுண்டினேன், தேய்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். முகத்தில் தூறல் விழுந்து, ஒரு தும்மல். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை.

கூடாரத்தைப் போட்டது போட்டபடி கிளம்பினோம். தைத் ஆஸ்பத்திரிக்கு 34 கிலோமீட்டர். 6.50க்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மணி நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் என் மகனைப் பார்த்துப் பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவன் தலை குனிந்தது புரிந்தது. திரும்பும்போது வேனின் கண்ணாடி அத்தனையும் திறக்கச் சொன்னேன். ரேவதியையும் பிள்ளையையும் இரண்டு கம்பளியில் சுற்றி நடுவில் உட்காரவைத்தேன். ஆண்களுக்குப் பல் கிட்டியது. ரோலா வரும்வரை ஒருத்தரும் கண்ணாடியில் கை வைக்கவில்லை.

இனி போகிறவர்களுக்கு. இப்போது சாலை நன்றாக இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார்கள். வானம் கறுத்தால் ஓடையில் கூடாரம் அடிக்காதீர்கள், வெள்ளம் சொல்லாமல் வரும். கம்பளி ஆளுக்கு இரண்டு வேண்டும். விறகோ கரியோ தூளோ, எதுவானாலும் நெருப்புக்குக் கூடாரத்துக்குள் வேலை இல்லை. விசிறி இருந்தாலும் இல்லை. பிள்ளைக்குக் குளிர்ந்தால் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கறுத்த தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

முருகேசன் அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். பேட்டரியில் சார்ஜ் இறங்கிவிட்டதாம். புது பேட்டரியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். அவன் கதையில் கான் பாய் கிடையாது, நானும் கிடையாது. அவன் எதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து என் மகன் தலையாட்டுகிறானே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இதுவரை தட்டிய பேத்தி இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தை இவள்தான். இத்தனை வருஷம் இவளும் பேட்டரிக் கதையைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

"ஏன் ஆச்சி எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றாள்.

"உங்கப்பன் சொல்லுவான்னு பாத்தேன்."

தட்டியதை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள். பிறகு, "நெட்டுல போடுறதுக்கு முன்னால அப்பாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"அனுப்பு" என்றேன். "ஒரு வரிகூட மாத்தாம அனுப்பு."