கோபிஸைக் குளிப்பாட்டிய ஞாயிறு

சாரதாவின் கைகளைப் பற்றி அந்த எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவளோடு பதினான்கு வருடம் குடித்தனம் நடத்திய முனியாண்டிக்கு மட்டும் தெரியாது.

தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளும்போது அவள் செடியைப் பார்ப்பதே இல்லை. வாய் பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் தாமாகவே தேடிப் பிடிக்கும். அதே விரல்கள்தாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோபிஸின் ரோமத்துக்குள் நுழைந்து சிக்குகளைத் தேடின.

கோபிஸ் ஒரு பூனை. திரிங்காப் ஊரிலிருந்து வந்த காய்கறி லோரி ஒன்று எஸ்டேட் வளைவில் டயர் வெடித்து நின்ற நாளில், முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளைப் பந்தாக உருண்டு விழுந்த குட்டி. மலையில் முட்டைக்கோசைக் கோபிஸ் என்றுதான் சொல்வார்கள். சாரதா அதையே பெயராக வைத்துவிட்டாள். வளர வளர அதன் ரோமம் விரல் நீளத்துக்கு வளர்ந்தது. நக்கி நக்கித் தானே சுத்தம் செய்துகொள்ள அந்தச் சின்ன நாக்கால் முடியவில்லை. அதனால்தான் குளியல்.

அந்தக் குளியலைப் பார்க்க வேண்டுமே! வெந்நீரை முழங்கையில் விட்டுச் சூடு பார்ப்பாள். நகம் வழுக்காமல் இருக்கத் தொட்டிக்குள் சாக்குத் துண்டை விரிப்பாள். காதுகளில் பஞ்சு வைப்பாள். முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. கழுத்திலிருந்து வால் வரை மெல்ல நனைத்து, சவுக்காரம் தேய்த்து, அலசி, துவாலையில் சுற்றி அடுப்படியில் வைத்துப் பேன்சீப்பால் வாருவாள். பூனையோ, கல்யாணத்துக்குப் போகிற பெண்போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"இந்தக் குளிர்ல மனுஷனே வாரத்துக்கு ஒருக்காத்தான் குளிக்கிறான்," என்று முனியாண்டி எரிந்து விழுவான். "பூனைக்கு ஸ்நானமாம், சிங்காரமாம்!"

"நீங்களும் வந்து உக்காருங்களேன், சீவி விடுறேன்," என்பாள் அவள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். "அண்ணனுக்குச் சீவ தலையில என்னா இருக்குலா, சாரதா?"

முனியாண்டியும் சிரிப்பான்தான். ஆனால் குழந்தை இல்லாத அந்த வீட்டில் அவளுடைய கொஞ்சலெல்லாம் ஒரு பூனைக்குப் போகிறதே என்ற முள் அவன் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அதை யாரிடம் சொல்வான்? சொன்னால் ஊர் சிரிக்காதா?

முனியாண்டிக்கு எஸ்டேட்டில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, கொழுந்தைத் தின்னும் பூச்சிக்கு மருந்தடித்தபடி போவான். எஸ்டேட்டில் அதை விஷம் என்று யாரும் சொல்வதில்லை. கங்காணிக்கும் மருந்து, கணக்கெழுதும் கிராணிக்கும் மருந்து, துரைக்கும் மருந்து. வினை அந்தச் சொல்லில்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, மழை விட்ட ஒரு வாரம். கோபிஸ் ராத்திரி பகல் பாராமல் சொறிந்துகொண்டிருந்தது.

"பூச்சி விழுந்திருக்குங்க," என்றாள் சாரதா. "மருந்து போட்டுக் குளிப்பாட்டினா போயிருமாம். கம்போங் ராஜா டவுன் கடையில விக்கிறாங்களாம்."

"மருந்தடிக்கிறவன் வீட்டுல இருந்துகிட்டு மருந்துக்குக் கடைக்குப் போறியா?" என்று அவன் மார்தட்டினான்.

அவள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்ப் பிரிவில் ஒரு காதுகுத்து. சாரதா மட்டும் போனாள். முனியாண்டியின் மனத்தில் ஓர் ஆசை எழுந்தது. இத்தனை நாள் பூனையை ஏசினோமே, இன்று நாமே குளிப்பாட்டி வைத்தால் அவள் முகம் எப்படி மலரும்! பதினான்கு வருடத்தில் அவளுக்கென்று அவன் ஆசைப்பட்டுச் செய்யத் துணிந்த காரியம் அது ஒன்றுதான்.

எஸ்டேட் ஸ்டோரிலிருந்து சின்னப் போத்தலில் கொண்டுவந்து வைத்திருந்த மருந்தை எடுத்தான். செடிக்கு ஒரு மூடி ஊற்றுவது கணக்கு. பூனை பாவம் என்று வாளித் தண்ணீரில் அரை மூடிதான் ஊற்றினான். இளங்கொழுந்தே வாடுவதில்லை, பூனைக்கு என்ன ஆகிவிடும்? கோபிஸைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினான். அது அவன் கையைப் பிறாண்டிவிட்டுத் தப்பி ஓடி, அடுப்புக்குப் பின்னால் ஒளிந்து, தன்னைத் தானே நக்கத் தொடங்கியது.

சாரதா வாசலில் கால் வைத்தபோது கோபிஸ் அடுப்படியில் சாய்ந்து கிடந்தது. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"மருந்து போட்டுக் குளிப்பாட்டினேன் புள்ள..." அவன் போத்தலைக் கைகாட்டினான். "நீதானே சொன்னே, மருந்துன்னு."

அவள் மூலையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை ஈரம், பிறாண்டிய கோடுகளில் ரத்தம்.

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அறையட்டும், அழட்டும், பூனையைக் கொன்ற பாவி என்று லயமே கேட்கக் கத்தட்டும்.

சாரதா கத்தவில்லை. சாகக் கிடந்த பூனையைத் தாண்டி வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "முதல்ல இந்தக் கை," என்றாள். கட்டிச் சவுக்காரத்தை எடுத்து, நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை தேய்த்தாள். அலசினாள். மறுபடி தேய்த்தாள். பிறாண்டலில் சவுக்காரம் பட்டு எரிந்தது. அந்த எரிச்சலைவிட அவனைச் சுட்டது வேறொன்று. என் உயிர்தான் இவளுக்கு முதலில்! ஒரு பூனையிடம் நான் தோற்றுப்போனதாக இத்தனை வருடம் எண்ணியிருந்தேனே, என் தாயே!

"சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு டிரஸ்ஸர்கிட்ட ஓடுங்க," என்றாள் அவள்.

எஸ்டேட் டிஸ்பென்சரி ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் நல்லுசாமியை வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் பிடித்தான் முனியாண்டி.

"பூனைக்கு வைத்தியம் எனக்குத் தெரியாதுலா, முனியாண்டி," என்றார் அவர். ஆனாலும் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "மனுஷன் மேல கொட்டினா என்ன செய்வோம்? சவுக்காரம் போட்டுக் கழுவணும், மறுபடி கழுவணும். நக்க விடாதே, உள்ள போற விஷம் அந்த நாக்கு வழியாத்தான் போகும். எண்ணெய் மட்டும் தொடாதே, மருந்தைத் தோலுக்குள்ள இறக்கிடும். ஓடு!"

விஷம். அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் முதல் தடவையாக வந்தது. மேட்டில் ஓடும்போது அது அவன் கூடவே ஓடி வந்தது.

வீட்டில் காளியம்மா கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "சூடு தணியட்டும்னு தலைக்கு வைக்கலாம்னு..."

"எண்ணெய் வேணாம், காளியம்மா! வெந்நி வை!" என்று கத்தினான் முனியாண்டி.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் சாகும் வரை மறக்கவில்லை.

சாரதா தொட்டிக்குள் சாக்கைக்கூட விரிக்காமல், இடது கையையே மெத்தையாக்கிக் கோபிஸைத் தாங்கியிருந்தாள். நக்காமல் இருக்க அதன் முகவாயைச் சுற்றிப் பழைய புடவைக் கிழிசலைத் தளர்வாகக் கட்டியிருந்தாள், மூச்சுக்கு மட்டும் வழி. வலது கை கழுத்தில் தொடங்கி அங்குலம் அங்குலமாகப் போனது. முடியைப் பிரித்து அடித்தோலில் சவுக்காரத்தைத் தேய்த்தது. காலிடுக்கு, வால் அடி, விரலுக்கு விரல் இடைவெளி என்று ஒன்றையும் விடவில்லை. கொழுந்துக் காட்டில் பார்க்காமலே தேடும் விரல்கள், இன்று பார்க்காமலே விஷத்தைத் தேடின.

முனியாண்டி தண்ணீர் மாற்றினான். ஒரு தொட்டி, இரண்டு தொட்டி. ஐந்தாவது தொட்டியில்தான் அந்த மருந்தின் நாற்றம் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் முழங்கையில் விட்டுச் சூடு பார்க்கத் தவறவில்லை. உயிர் போகிற நேரத்திலும் இவளுக்கு அவசரமில்லையே, எங்கிருந்து வந்தது இந்த நிதானம்!

பிறகு துவாலை. பிறகு அடுப்புச் சூடு. வெடவெடப்பு நிற்கவில்லை. சாரதா தன் சேலை மடிப்புக்குள் பூனையை வைத்து, வாய்க்குள் "ம்ம்... ம்ம்..." என்று முனகிக்கொண்டே பேன்சீப்பால் வாரினாள். சாகப்போகிறதை ஏன் வாருகிறாள் என்று நினைத்துக்கொண்டே அவன் அடுப்பில் விறகைத் தள்ளினான்.

காளியம்மா வாசலில் மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஒரு பிள்ளை நோவுல விழுந்தா இந்தக் கைதான் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்தது. பனி லயத்துக்குள் இறங்கியபோது கோபிஸ் கண்ணைத் திறந்தது. சாரதா விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. கண்ணைப் பாருங்க."

கடுகாயிருந்த கண்மணி மிளகாகியிருந்தது.

முனியாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். மருந்து மருந்து என்று சொல்லிச் சொல்லி, பதினெட்டு வருடம் வெறுங்கையோடு அந்தப் பம்பில் கலந்தவன் அவன். அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சவுக்காரம் தேய்த்துச் சிவந்து, சுருங்கி, யாரோ புதிதாகக் கொடுத்தவைபோல இருந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"தொடுங்க," என்றாள் சாரதா.

"வேணாம் புள்ள. இது கொலைகாரக் கை."

"நான் கழுவின கைங்க அது. தொடுங்க."

அவளே அவன் கையைப் பிடித்து இழுத்துக் கோபிஸின் விலாவில் வைத்தாள். முதலில் ரோமம்தான் தெரிந்தது, பஞ்சுபோல, இன்னும் லேசான ஈரத்தோடு. பிறகு அதற்கு அடியில் ஏதோ ஒன்று கர்ர்ர் என்று அதிரத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் ஏறி வரும் லோரியின் ஓசைபோல, மெல்ல, விடாமல். இத்தனை வருடம் அந்தப் பூனை இப்படி ஒரு சத்தத்தோடு தன் வீட்டில் வாழ்ந்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

முனியாண்டி மூச்சை அடக்கிக்கொண்டான். கையை மட்டும் எடுக்கவில்லை.