தைலமரத் தூர்

கறம்பக்குடிக்கு மேற்கே ஐம்பது சென்ட் செம்மண் மலிவாகக் கிடைத்தது. தைலமரம் வெட்டிய நிலம். மரம் போய்விட்டது, அடிக்கட்டையும் வேருமாகத் தூர்கள் மண்ணுக்குள் இருந்தன. பட்டா, வில்லங்கச் சான்று, நான்கு எல்லை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பத்திரிகை வேலையில் வந்த பழக்கம். கையிருப்பு பத்திரப் பதிவோடு தீர்ந்தது. ஜேசிபி வைக்க வழியில்லை. நானும் மனைவியும் கடப்பாரையால் தூர் தோண்டினோம். ஆடி மழைக்குக் கடலை விதைத்தாக வேண்டும். தவறினால் அந்த வருடம் தரிசுதான்.

நாற்பத்தாறு நாளில் பாதிக்கு மேல் சுத்தமானது. பக்கத்து நிலத்துக்காரர் தினமும் வரப்பில் நின்று பார்ப்பார். "வேரு அங்கிட்டு ஓடுது சார், இங்கிட்டு வெட்டுங்க" என்பார். மழை பெய்தது. மீதியில் தூர்களுக்கு நடுவே விதைத்துக்கொள்ளலாம் என்று நிலம் முழுவதற்கும் விதைக்கடலையை உடைத்துவிட்டோம். உடைத்த பருப்பு அதிக நாள் தாங்காது.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஒரு மரவியாபாரி வந்தார்.

"என்ன சார், என்னோட தூரையெல்லாம் பேத்துப் போட்டிருக்கீங்க?"

வெள்ளைத்தாள் ஒன்றைக் காட்டினார். தூரிலிருந்து தழைக்கும் மரத்தை, அடுத்த வெட்டு வரைக்கும், நிலத்தை விற்றவர் இவருக்கு ஏற்கெனவே விற்றிருந்தார். பதிவு செய்யாத தாள் எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

விற்றவர் டீக்கடையில் இருந்தார்.

"ஒங்களுக்கு மண்ணத்தான சார் வித்தேன். பேப்பர்ல இருந்தவுக, அம்புட்டுங் கேட்டீங்க. தூரப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வந்து பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரியும் சார். நீங்க பேசி முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

விற்றவர் ஏமாற்றியதில் எனக்கு வியப்பில்லை. இவர் நாற்பத்தாறு நாள் பார்த்துக்கொண்டு நின்றவர். மனைவியின் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மஞ்சள் பற்றுப் போடச் சொன்னவர்.

வியாபாரி போகவில்லை. "மீதியத் தொடாதீங்க. தோண்டுன தூருக்கு நட்டம் எவ்வளவுன்னு அப்பறம் பேசிக்குவோம்."

"பேசுறவுக பேசுங்க" என்று மனைவி விதைக் கூடையோடு இறங்கினாள். சுத்தம் செய்த பகுதியை மாலைக்குள் களைக்கொத்தால் விதைத்து முடித்தோம்.

மிஞ்சிய பருப்பை ஒரு வாரம் வறுத்துத் தின்றோம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் மனைவி ஒரு கை கொடுத்தாள். அவர் மென்று பார்த்தார்.

"நல்ல வெதையா இருந்திருக்கே சார்."

நான் எழுந்து போனேன். இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவரை அடித்திருப்பேன்.